செஞ்சியில் ஒரு பகல்

விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் புறப்படும் திசைகள் பெரும்பாலும் முன்பே முடிவானவை. வசதியுள்ளோர் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வர். மற்றையோர் நாகூருக்கோ ஏர்வாடிக்கோ சென்று வருவர். செங்கற்பட்டுப் பகுதியில் வாழ்வோர் கோவளம் தர்காவுக்குச் சென்று, கடற்காற்று வாங்கி, மாலையில் வீடு திரும்பிவிடுவர். இவற்றில் குறை ஒன்றுமில்லை. ஆயினும் ஒரே பகலில் சென்று திரும்பக்கூடிய தொலைவில், தமிழகத்து முஸ்லிம்கள் அவசியம் கண்டறிய வேண்டிய மலையூர் ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலைக்குப் பேருந்தில் செல்லும்போது சாளரத்தின் வழியே பார்த்து, “அதோ, தேசிங்குராஜன் கோட்டை!” என்று சொல்லிவிட்டு நாம் கடந்துபோகும் செஞ்சியே அது.

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. வெளியே உள்ள ஒரே கோட்டை நம் செஞ்சி. இந்தச் சிறப்பு வந்த பிறகு வருவோர் தொகை பெருகலாம். செஞ்சியைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளும் பெருகலாம். அந்தக் கதைகளுள் எது வரலாறு, எது கற்பனை, எது வேண்டுமென்றே திரித்துச் சொல்லப்படுவது என்பதைப் பிரித்தறியும் கடமை நமக்கும் உண்டு. ஏனெனில் செஞ்சியின் கதையில் நாம் வேடிக்கை பார்ப்பவர் அல்லர். அதன் முக்கியமான பக்கங்களில் நம் முன்னோரின் பெயர்கள் இருக்கின்றன.

வழியில்

கூடுவாஞ்சேரியிலிருந்து செஞ்சி ஏறத்தாழ 110 கிலோமீட்டர். திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே சென்று, திண்டிவனத்தில் மேற்கே திரும்ப வேண்டும். சென்ற ஐப்பசியில் நாம் குடும்பத்தோடு சென்றபோது, சுபுஹு தொழுகை முடித்துப் புறப்பட்ட வேளையிலேயே தூறல் தொடங்கிவிட்டது. பயணத்தைத் தள்ளிப் போடலாமா என்ற பேச்சு எழுந்தது. தள்ளிப் போடாததே நல்லதாயிற்று. கோடையில் சென்றால் செஞ்சியின் பாறைகள் அடுப்புக் கற்களைப் போலக் கொதிக்கும்; முற்பகல் பத்து மணிக்கே கால் வைக்க முடியாது. மழைக்காலத்தில் படிகள் வழுக்கும். ஆனால் அந்தக் கோட்டை எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்பது மழையில்தான் விளங்கும்.

வழியிலுள்ள ஊர்களும் வரலாறு அற்றவை அல்ல. செங்கற்பட்டில் கொளவாய் ஏரியைக் காவலாகக் கொண்டு, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர மரபினர் ஒரு கோட்டை எழுப்பினர். 1752இல் ராபர்ட் கிளைவ் கோவளத்தையும் அடுத்துச் செங்கற்பட்டையும் பிரெஞ்சுப் படையினரிடமிருந்து பறித்தார். கூடுவாஞ்சேரி உட்பட இந்த வட்டாரம் முழுவதையும் 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். இந்த ஜாகீர் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். செஞ்சியில் நிகழ்ந்த ஒன்றோடு அது பின்னால் வந்து பொருந்தும்.

பாலாற்றைக் கடந்து, மதுராந்தகம் ஏரியையும் அச்சிறுபாக்கத்தையும் தாண்டித் திண்டிவனம் சேர்ந்தால், அங்கிருந்து ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த வழிதான். சமவெளியில் எவரோ கொட்டி வைத்தாற்போல் பாறைக் குவியல்கள் தோன்றத் தொடங்கும். அவை அடர்ந்து உயர்ந்து குன்றுகளாகும் இடமே செஞ்சி.

மூன்று குன்றுகள்

செஞ்சிக் கோட்டை என்பது ஒரே கோட்டையன்று. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என மூன்று குன்றுகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கோட்டை. மூன்றையும் இணைத்து முக்கோணமாக ஒரு பெருமதில் ஓடுகிறது. மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். அது வளைத்திருக்கும் நிலம் ஒரு சிற்றூரையே உள்ளடக்கும். திருவண்ணாமலைச் சாலை ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே அந்த மதிலை ஊடுருவிச் செல்கிறது. இன்றைய ஊர் கோட்டைக்குக் கிழக்கே சற்றுத் தள்ளி இருக்கிறது.

ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. ஏறும் வழியில் வாயில்களும் காவல் மேடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உச்சியை நெருங்கும்போது பாறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. 24 அடி அகலம், 60 அடி ஆழம் உள்ள அந்தப் பிளவின்மேல் போடப்பட்ட பாலத்தைக் கடந்தால்தான் உச்சிக்குப் போக முடியும். பாலத்தை எடுத்துவிட்டால், மேலே சிலர் இருந்துகொண்டு கீழே பெரும்படையைத் தடுக்கலாம். மேலே ஒரு கோயிலும், களஞ்சியமும், மணிக்கூண்டும், பெரிய பீரங்கி ஒன்றும் உள்ளன.

மதிலைவிட நம்மை வியக்க வைத்தது நீர். கல்லே நிறைந்த இந்தக் குன்றில் வற்றாத சுனைகள் இருக்கின்றன. பாறைச் சரிவில் வழியும் மழைநீரைத் தேக்க நீர்த்தேக்கங்கள் அமைத்திருக்கிறார்கள். அடிவாரத்தில் ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம் எனக் குளங்கள். கலியாண மகால் எனப்படும் பல அடுக்குக் கட்டடத்தின் மேல்நிலைகளுக்கு மண்குழாய்கள் வழியே நீரேற்றியிருக்கிறார்கள். நாம் நின்ற அரை மணி நேரத்தில் மழை வலுத்து, பாறைகளின் மீது நூறு சிற்றருவிகள் தோன்றின. அத்தனையும் எங்கோ ஒரு தேக்கத்தை நோக்கியே ஓடின. முற்றுகையிட வந்தவன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் உள்ளே இருப்பவன் தாகத்தால் சாகக்கூடாது என்பதே அந்த அமைப்பின் நோக்கம்.

பல கைகள் கட்டிய ஊர்

செஞ்சியை எவருடைய கோட்டை என்று சொல்வது? இந்த வினாவுக்கு ஒரே பெயரால் விடை கூற இயலாது.

ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த சமண முனிவர் ஒருவரைப் பற்றிய மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டும் அங்கே உள்ளது. அண்மையிலுள்ள மேல்சித்தாமூர் இன்றும் தமிழ்ச் சமணர்களின் மடம் விளங்கும் ஊர். சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் இருக்கிறார். கோட்டையைத் தொடங்கியவர்கள் கோனார் குலத் தலைவர்கள் என்றும், கிருஷ்ணகோன் என்பவரின் பெயரே கிருஷ்ணகிரிக்கு வந்தது என்றும் மரபு கூறுகிறது. விஜயநகரத்தின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள் இதைப் பெருங்கோட்டையாக்கினர். அடிவாரத்திலுள்ள வேங்கடரமணர் கோயில் 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் பணி.

1649இல் பீஜப்பூர் சுல்தானின் படைகள் கோட்டையைக் கைப்பற்றின. ‘பாதுஷாபாத்’ எனப் பெயர் மாற்றின. 1677இல் சிவாஜி பீஜப்பூர் அதிகாரியிடமிருந்து பெற்று மதில்களை வலுப்படுத்தினார். அவருடைய மகன் சம்பாஜி 1689இல் கொல்லப்பட்ட பின், இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து செஞ்சியையே தலைநகராக்கிக்கொண்டார். பேரரசர் ஔரங்கசீப் அனுப்பிய சுல்பிகார்கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். அது முடிந்தது 1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அதற்குச் சற்று முன்பே ராஜாராம் தப்பிவிட்டார். பிடித்தவர் கோட்டைக்கு ‘நுஸ்ரத்கட்’ என்று பெயரிட்டார்.

ஏழாண்டுக்கும் மேல் நீடித்த அந்த முற்றுகையில் தில்லிப் படையை மிகவும் வாட்டியவற்றுள் ஒன்று நம் கார்த்திகை மழை. 1692–93 மழைக்காலத்தில் பாசறையில் தானியம் அற்றுப் போயிற்று. பேரரசரின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார் எனத் தளபதிகளே அவரைச் சிறைப்படுத்தினர். பின்னர் வந்த தாவூத்கான், இவ்வூரின் தட்பவெப்பம் உடலுக்கு ஆகாதென்று தம் இருக்கையை ஆர்க்காட்டுக்கு மாற்றிக்கொண்டார். ஆர்க்காடு நகரம் தலைநகராக உயர்ந்ததற்குச் செஞ்சியின் காய்ச்சலும் ஒரு காரணம் எனலாம்.

இந்த முற்றுகையை மத யுத்தம் என்று எழுதுவோர் உண்டு. ஔரங்கசீப்பின் படையில் செஞ்சியை வளைத்து நின்றவர்களுள் ராவ் தல்பத் பந்தேலா என்ற ராஜபுத்திரத் தலைவரும் ஒருவர். கோட்டை விழுந்த பின், அதன் காவலைப் பேரரசு ஒப்படைத்ததும் ஒரு முஸ்லிமிடம் அன்று. சொரூப்சிங் என்ற பந்தேலா ராஜபுத்திரரிடம்தான். அந்தச் சொரூப்சிங்கின் மகனே தமிழ் மக்கள் தேசிங்குராஜன் என்று பாடும் தேஜ்சிங்.

1714: நடந்தது என்ன?

சொரூப்சிங் 1714இல் காலமானார். பந்தேல்கண்டிலிருந்த தேஜ்சிங் தம் இளம் மனைவியோடு செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றார். அவருக்கு வயது இருபத்திரண்டு அளவில் இருக்கும். அப்போது ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாகான். அவர் கொங்கணக் கரையிலிருந்து வந்த நவாயத் குலத்தவர். 1710 முதல் 1732இல் மரணமடையும் வரை கருநாடகத்தை ஆண்டவர்.

பிணக்கு இரண்டு. ஒன்று, பல ஆண்டுகளாகச் செலுத்தப்படாத திறை நிலுவை. மற்றொன்று, உரிமை. ‘என் தந்தைக்கு ஔரங்கசீப் பேரரசர் அளித்த சாசனம் எனக்கும் செல்லும்’ என்பது தேஜ்சிங்கின் வாதம். ‘புதிய பேரரசரின் ஆணையின்றிப் பதவி இல்லை, நிலுவையைக் கட்டு’ என்பது நவாபின் வாதம். இது நில வருவாயைப் பற்றிய வழக்கு. இதில் மதம் எங்கும் இல்லை.

வழக்கு வாளால் தீர்ந்தது. 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், செஞ்சிக்கு அருகே கடலி என்ற இடத்தில் இரு படைகளும் மோதின. நவாபின் பக்கம் பெரும்படை. தேஜ்சிங்கின் பக்கம் சில நூறு குதிரை வீரர்கள். வழியிலிருந்த வராக நதி மழையால் பெருகியிருந்ததென்றும், அதைக் கடந்து அவரோடு சென்றவர்கள் மிகச் சிலரே என்றும் கூறுவர். அன்று பொழுது சாய்வதற்குள் தேஜ்சிங் களத்தில் வீழ்ந்தார். அவரோடு வீழ்ந்தவர்களுள் ஒருவர் அவருடைய நண்பர் மகமத்கான்.

பாட்டில் வாழும் நண்பன்

வென்ற சஆதத்துல்லாகானை இன்று தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவர்? ஆனால் தோற்ற தேசிங்கையும், அவனுக்காக மாண்ட மகமத்கானையும் அறியாத சிற்றூர் வட தமிழகத்தில் இல்லை. பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சந்தைகளில் விற்ற ‘தேசிங்குராஜன் கதை’ மகமத்கானை ‘மோவத்துக்காரன்’ என்று தன் பேச்சு வழக்கில் அழைக்கிறது. தெருக்கூத்து மேடைகளில் விடிய விடிய இக்கதை ஆடப்பட்டது. 1960இல் ‘ராஜா தேசிங்கு’ என்று திரைப்படமாகவும் வந்தது.

பாட்டு கூறுவது இது. மகமத்கான் வழுதாவூரில் மணக்கோலத்தில் இருக்கிறான். செஞ்சியிலிருந்து ஓலை வருகிறது. நிக்காஹ் பந்தலை விட்டு எழுந்து, நீலவேணி என்ற குதிரையில் ஏறி நண்பனிடம் விரைகிறான். பாராசாரி என்ற குதிரையில் தேசிங்கும், நீலவேணியில் மகமத்கானும் களம் புகுகின்றனர். முதலில் மகமத்கான் வீழ்கிறான், பின்னர் தேசிங்கும். செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் மகமத்கானின் அடக்கத்தலத்தையும், அவன் குதிரையின் சமாதியையும் ஊரார் காட்டுவர்.

மணப்பந்தல் காட்சியும் குதிரைகளின் வீரமும் பாட்டுப் புலவரின் கைவண்ணமாக இருக்கலாம். தில்லிப் பேரரசனே அடக்க முடியாத குதிரையைத் தேசிங்கு அடக்கினான் என்ற பகுதியும் அவ்வாறே. ஆனால் பாட்டின் அடித்தளம் மெய். நண்பர் இருவர், ஒருவர் ராஜபுத்திர இந்து, மற்றவர் முஸ்லிம், எதிரே வந்த படை ஒரு முஸ்லிம் நவாபின் படை, முஸ்லிம் நண்பர் அந்தப் படையோடு சேரவில்லை. அவர் வாக்குக் கொடுத்த இடத்தில் நின்றார், அங்கேயே மாண்டார். இதைப் பாடி வைத்தவர்கள் அரண்மனைப் புலவர்கள் அல்லர். எழுத்தறிவு குறைந்த பொதுமக்கள். அவர்கள் மகமத்கானின் மார்க்கத்தை மறைக்கவுமில்லை, அதைக் குறையாகவும் கொள்ளவில்லை.

பள்ளிவாசலின் முன் எழுந்த வினா

கோட்டையின் அடிவாரத்தில் சஆதத்துல்லாகான் பெயரால் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1717–18இல், அதாவது கடலிப் போர் நடந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் கட்டப்பட்டது. அளவில் சிறியது, வளைவுகளும் மினாராக்களும் அழகியவை. மகமத்கானின் பெயரைத் தாங்கிய மற்றொரு பள்ளிவாசலும் இக்கோட்டையில் உண்டு. வென்றவர் பெயரால் ஒன்று, தோற்றவருடைய நண்பர் பெயரால் ஒன்று; ஒரே மதிலுக்குள் இரண்டும்.

இதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது நம் இளைய மகள் கேட்டாள்: “அத்தா, நவாபும் முஸ்லிம், மகமத்கானும் முஸ்லிம். அப்படியானால் நாம எந்தப் பக்கம்?”

குழந்தை கேட்டது என்று அந்த வினாவைத் தள்ளிவிட முடியாது. நம் சமுதாயம் தன் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எதிர்கொள்ளும் வினா அது. ஆண்டவர்களை எல்லாம் நம்மவர் என்று கொண்டாடினால், அவர்கள் செய்த தவறுகளுக்கும் நாம் பொறுப்பேற்க நேரிடும். அவர்களை முற்றிலும் கைவிட்டால், இந்த மண்ணில் நமக்கு வரலாறே இல்லை என்பாருக்கு நாமே வழி செய்தவராவோம். இரண்டும் தவறு.

நவாபின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். அவர் கோரியது சட்டப்படி அரசுக்குரிய நிலுவை. வென்ற பின் பழிவாங்கவில்லை என்பதே மரபு. தேஜ்சிங்கின் உடலை உரிய மரியாதையுடன் தகனம் செய்வித்தார் என்றும், அது செட்டிக்குளத்தின் கரையில் நடந்ததென்றும் கூறுவர். இளம் ராணி அந்தத் தீயிலேயே உடன்கட்டை ஏறினாள். பாட்டு அதை வீரமாகப் பாடினாலும், அந்தக் கரையில் நின்றபோது, வாழ வேண்டிய பெண்ணொருத்தியை அப்படி முடிய வைத்த வழக்கத்தை எண்ணி நம் நெஞ்சம் கனத்தது. அவள் நினைவாகவே நவாப் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டையை அமைத்தார் என்று மக்கள் நம்புகின்றனர்.

இதே நவாபைப் பற்றி மற்றொரு சான்று காஞ்சிபுரத்தில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர் அச்சத்தால் காஞ்சி வரதராசப் பெருமாளின் திருவுருவத்தை உடையார்பாளையத்துக்கு எடுத்துச் சென்று மறைத்து வைத்தனர். அமைதி திரும்பிய பின்னும் அங்கிருந்தோர் அதைத் திருப்பித் தர மறுத்தனர். 1710இல் அதை மீட்டு மீண்டும் காஞ்சியில் சேர்ப்பித்தவர் லாலா தோடர்மல். அவர் சஆதத்துல்லாகானின் தளபதி. கோயில் கல்வெட்டே இதைச் சொல்கிறது. காஞ்சியில் பெருமாள் திரும்பியதற்குத் துணை நின்ற ஆட்சியும், நான்காண்டுகள் கழித்துச் செஞ்சியில் தேசிங்கை வீழ்த்திய ஆட்சியும் ஒன்றே. முதல் செய்தியை மட்டும் சொல்பவரும் இரண்டாவதை மட்டும் சொல்பவரும் பாதி வரலாற்றையே சொல்கிறார்கள்.

மகளுக்கு நாம் கூறிய விடை இதுதான்: “அம்மா, பெயரைப் பார்த்துப் பக்கம் சேராதே. யார் கொடுத்த வாக்கைக் காத்தார், யார் நீதி செய்தார், எளியவர் யாரால் துன்பப்பட்டார் என்று பார். மகமத்கான் வாக்கைக் காத்தார். அந்த இடத்தில் நாம் அவர் பக்கம். நவாப் தோற்றவனுக்கு மரியாதை செய்தார்; அந்த இடத்தில் அவர் பக்கமும் நாம்தான்.” ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதும், உறவினருக்கு எதிராயினும் நீதிக்காக நிற்பதும் நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமைகள் அல்லவா? அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் வரலாற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

நிலுவை கேட்டவரும் கடன்பட்டவரும்

செஞ்சியின் கதை 1714உடன் முடியவில்லை. நவாபி ஆட்சியின் வாரிசுரிமைப் பூசலில் வெளிநாட்டார் புகுந்தனர். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, 1750 செப்டம்பரில், அவருடைய மகன் முகம்மது அலியின் படையில் எஞ்சியோர் செஞ்சியில் ஒதுங்கியிருந்தபோது, புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். ஔரங்கசீப்பின் தளபதிகள் ஏழாண்டுக்கும் மேல் முயன்ற கோட்டை அது. மதில் அதே மதில்தான். உள்ளே இருந்தவர்களின் மனவுறுதிதான் வேறு.

பிரெஞ்சுக்காரர் பதினோராண்டு காலம் இருந்தனர். பகைவனைவிடக் காய்ச்சலுக்கே அதிக வீரர்களைப் பலி கொடுத்தனர். வேங்கடரமணர் கோயிலின் சிற்பத் தூண்கள் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்பவை அவையே. 1761இல் ஆங்கிலேயர் செஞ்சியைப் பெற்றனர். 1780இல் ஹைதர் அலியின் படைகள் சிறிது காலம் கைக்கொண்டன. அதன்பின் போர்க் கோட்டையாக அதற்கு மதிப்பில்லை. கோட்டையினுள் ஆட்டிடையரும் குரங்குகளும் எஞ்சினர்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஜாகீருக்கு வருவோம். 1714இல் ஆர்க்காட்டு நவாப், நிலுவைக்காக ஓர் இளைஞனின் மீது படை நடத்தினார். அரை நூற்றாண்டு கூட ஆகவில்லை. ஆர்க்காட்டு அரியணையில் வேறு குலத்து நவாப் இருந்தார். அவரே கம்பெனியின் படைச் செலவுக்குக் கடன்பட்டு, 1763இல் செங்கற்பட்டுச் சீமையை அக்கம்பெனிக்கே எழுதிக் கொடுத்தார். கடன் அத்துடன் நிற்கவில்லை. 1795இல் முகம்மது அலி மரணமடைந்தபோது பெருங்கடன் சுமையோடு இருந்தார். 1801இல் கருநாடகம் முழுவதும் கம்பெனிக்கு உரியதாயிற்று. நவாபுக்கு எஞ்சியது பட்டமும் உபகாரச் சம்பளமும்தான். நிலுவை கேட்டுப் படை அனுப்பிய அரியணை, பிறரின் நிலுவையில் மூழ்கி மறைந்தது. கடலியில் மோதிய இரு பக்கத்தாரும் அன்று இதைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். தமக்குள் பூசலிட்டுக்கொண்டவர்களின் வீட்டுக்குள் மூன்றாமவன் நுழைந்ததுதான் செஞ்சி நமக்குத் தரும் அரசியல் பாடம்.

செல்வோர் கவனத்துக்கு

செஞ்சிக்குச் செல்ல எண்ணும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். காலையிலேயே ராஜகிரியில் ஏறத் தொடங்குங்கள். வெயில் காலமாயின் இது மிகவும் அவசியம். மழைக்காலமாயின் முதியோரையும் சிறு குழந்தைகளையும் உச்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். ஈரப் பாறை இரக்கம் காட்டாது. அவர்களுக்கு அடிவாரத்திலேயே காண வேண்டியவை நிறைய உள்ளன: கலியாண மகால், களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், ஆனைக்குளம், வேங்கடரமணர் கோயில், சஆதத்துல்லாகான் பள்ளிவாசல். குடிநீரும் உணவும் கட்டிக்கொண்டு செல்லுங்கள்; உணவுப் பொட்டலத்தைக் குரங்குகள் காணாதபடி வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் இறங்கி, ஊரிலுள்ள பள்ளியில் லுஹர் தொழுகையை நிறைவேற்றிவிட்டுச் சற்று இளைப்பாறலாம். பிற்பகலில் கிருஷ்ணகிரியில் ஏறினால் குவிமாடத்துடன் கூடிய தர்பார் மண்டபத்தைக் காணலாம். நேரம் எஞ்சினால் திருநாதர்குன்றையும் சிங்கவரத்தையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். அவை நம் மார்க்கத்தைச் சேர்ந்தவையல்ல என்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது. நாம் பேசும் தமிழின் பழைய எழுத்து அந்தப் பாறையில் இருக்கிறது.

சுவர்களில் பெயர் கிறுக்காதீர்கள். பிள்ளைகளையும் கிறுக்க விடாதீர்கள். கோட்டையைக் காப்பது தொல்லியல் துறையின் பணி என்று நாம் இருந்துவிட முடியாது. அதன் நினைவைக் காப்பது நம் பணி. செஞ்சிக்கு நாளை வரும் பிள்ளைகளிடம் எவரேனும் அதை இந்து முஸ்லிம் சண்டை நடந்த இடம் என்று சொல்லக் கூடும். அப்போது மறுமொழி கூற நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சினத்தோடு அன்று, பெயர்களோடும் ஆண்டுகளோடும் கூற வேண்டும். ராவ் தல்பத் எந்தப் படையில் இருந்தார், காஞ்சிப் பெருமாளை மீட்டவர் எவருடைய தளபதி, கடலியில் தேசிங்கின் அருகே மாண்டவர் யார் என்ற மூன்று செய்திகள் தெரிந்தாலே போதும்.

மகமத்கானுக்கு அரசு இல்லை, அவர் பெயரால் நாணயம் இல்லை. அவர் வாழ்வு முப்பது ஆண்டுகளையேனும் எட்டியதா என்பதுகூட ஐயமே. ஆயினும் முந்நூறு ஆண்டுகளாகத் தமிழ் மக்கள் தங்கள் பாட்டில் அவரைச் சுமந்து வந்திருக்கிறார்கள். கோட்டைகள் கைமாறின, ஒரு நண்பன் காத்த வாக்கு கைமாறவில்லை. இந்த மண்ணில் நம் முன்னோர் ஈட்டி வைத்த நற்பெயர்களுள் அதுவும் ஒன்று. அதைத் தேய விடாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது நம் மீதுள்ள அமானிதம். அல்லாஹ் அதற்கு நமக்குத் துணை புரிவானாக!